வேம்பநாட்டுக் காயலில் குடும்பத்தோடு ஓர் இரவு: படகு வீடு எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

குடும்பத்தோடு கிளாம்பிங் (இயற்கைக்கு நடுவே, ஆனால் வசதிகளோடு தங்குவது) என்றதும் பெரும்பாலானவர்கள் மலை மேல் கூடாரத்தையும் கண்ணாடிக் குமிழ் அறைகளையும்தான் தேடுகிறார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் ஓடித் திரிகிற பிள்ளைகள், முழங்கால் வலியோடு ஒரு பாட்டி, நல்ல பாத்ரூம் இருந்தால்தான் வருவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஓர் அத்தை என்று கலந்து கிளம்புகிற கூட்டமாக இருந்தால், நான் கைகாட்டுவது கேரளத்தின் ஆலப்புழைப் படகு வீட்டைத்தான். மேடு ஏற வேண்டாம், குளிருக்குப் பயப்பட வேண்டாம், படுக்கை, குளியலறை, சமையல்காரர் எல்லாம் ஒரே கூரைக்குள், அந்தக் கூரையோ தண்ணீர் மேல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் ஆலப்புழையை ஒட்டிய வயல்வெளியான குட்டநாட்டின் நெல்லைச் சுமந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த கெட்டுவள்ளங்கள், அயினிப் பலகைகளை ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்துச் செய்தவை, அவைதான் 1990-களில் இருந்து மூங்கில் கூரை போட்டுக்கொண்டு தங்கும் வீடுகளாக மாறின.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? எல்லோரும் முதலில் பார்ப்பது படுக்கையறைப் படங்களை. அதை ஓரமாக வையுங்கள், ஒரே விலையில் இருக்கிற படகுகளின் அறைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: "சேட்டா, ராத்திரி போட் எங்கே கட்டுவீங்க?"

ஏன் என்றால் கணக்கைப் பாருங்கள். வழக்கமாக மதியம் 12 மணிக்கு ஏறுகிறோம், மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குகிறோம், ஆக 21 மணி நேரம். மாலை ஐந்தரை வாக்கில் படகைக் கட்டிவிடுவார்கள், ஏனென்றால் இருட்டத் தொடங்கியதும் காயல் மீனவர்களுடையது, அவர்கள் வலை விரிக்கிற நேரத்தில் படகு வீடுகள் ஓடக் கூடாது. காலையில் எட்டு மணி வாக்கில்தான் மறுபடி அவிழ்ப்பார்கள். அதாவது 14 மணி நேரத்துக்கும் மேல் படகு ஒரே இடத்தில் நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற நேரத்தையும் கழித்தால் உண்மையில் ஓடுவது நாலைந்து மணி நேரம். எனவே உங்கள் பயணம் எப்படி அமையும் என்பதை முடிவு செய்வது அந்தக் கட்டுத்துறைதான், கட்டிலின் அகலம் இல்லை.

புறப்படுகிற துறைக்குப் பக்கத்திலேயே, புன்னமடைப் பக்கம், படகுகளை வரிசையாக ஒன்றோடு ஒன்று உரசும்படி கட்டுகிற இடங்கள் உண்டு. டீசல் மிச்சம், மின் இணைப்பும் பக்கத்திலேயே, அதனால் சில உரிமையாளர்களுக்கு அதுதான் வசதி. உங்களுக்கு ஜன்னலைத் திறந்தால் அடுத்த படகின் ஜன்னல், இந்தப் பக்கம் ஒரு கல்லூரிக் கூட்டத்தின் பாட்டு, அந்தப் பக்கம் ஜெனரேட்டர் இரைச்சல். அதே பணத்துக்கு இன்னொரு படகு கைநகரி தாண்டி, ஆர் பிளாக், சித்திரை, மார்த்தாண்டம் என்று காயலைப் பிரித்து உண்டாக்கிய வயல்களின் வரப்போரமாகவோ காவாலம் பக்கமோ போய் ஒதுங்கும். அங்கே ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் காயல், தூரத்தில் ஒரு வீட்டு விளக்கு. பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்ட வேண்டும் என்றால் அங்கேதான் காட்ட முடியும். குமரகம் பக்கமிருந்து கிளம்பினால் காயல் இன்னும் விரிந்து கிடக்கும், கூட்டமும் ஆலப்புழை அளவுக்கு இல்லை, பறவைகளும் அதிகம், ஆனால் கொஞ்சம் கூடுதல் செலவாகும், கரையோர வீடுகளை நெருக்கமாகப் பார்க்கிற சுவாரசியமும் குறையும். ஓடித் திரிகிற பிள்ளைகளோடு என்றால் கைநகரி, காவாலம் பக்கத்தைத்தான் நான் சொல்வேன், இரண்டு நிமிடத்துக்கு ஒரு புதுக் காட்சி வந்துகொண்டே இருக்கும்.

இடத்தைக் கேட்டதோடு விடாதீர்கள். கட்டுகிற இடத்தில் கரையில் இருந்து மின்சாரம் எடுப்பார்களா, இல்லை ராத்திரி முழுக்க ஜெனரேட்டரா? பக்கத்தில் எத்தனை படகு நிற்கும்? கரையில் இறங்கிக் கொஞ்சம் நடக்க முடியுமா? ஏசி எத்தனை மணிக்குப் போடுவார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை நிறையப் பேர் கேட்பதில்லை. சாதாரண வகைப் படகுகளில் ஏசி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரைதான், நாள் முழுக்க வேண்டும் என்றால் அது வேறு கட்டணம். மதியம் குழந்தையைத் தூங்க வைக்க வேண்டியவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இருந்தாலும் மார்ச், ஏப்ரல், மே தவிர மற்ற மாதங்களில் பகல் ஏசிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து, படகு ஓடும்போது முன்தளத்தில் வருகிற காற்று போதும்.

பதில்களை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். படகின் பெயர், பதிவு எண், எத்தனை பேருக்கு அனுமதி, கட்டும் இடம், ஏசி நேரம், சாப்பாட்டுப் பட்டியல், மொத்தத் தொகை, இவ்வளவும் எழுத்தில் இருக்கட்டும். கூட்டமான நாட்களில் 'அந்த போட் ரிப்பேர் வேலைக்குப் போயிடுச்சு, இதுவும் அதே மாதிரிதான்' என்று வேறு ஒன்றைக் காட்டுவது நடக்கிற விஷயம்தான், பதிவு எண் கையில் இருந்தால் பேச ஒரு பிடி கிடைக்கும். வீடியோ அழைப்பில் படகைக் காட்டச் சொல்லுங்கள், அறையை இல்லை, முன்தளத்தின் கைப்பிடியையும் குளியலறையையும் ஏறுகிற பலகையையும். கேரள சுற்றுலாத் துறை படகு வீடுகளுக்கு கோல்டு ஸ்டார், சில்வர் ஸ்டார் என்று தரம் கொடுக்கிறது, சுற்றுச்சூழல் விஷயத்தில் ஒழுங்காக இருப்பவற்றுக்கு கிரீன் பாம் என்ற சான்று தனியாக உண்டு. அது இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதே நீங்கள் விவரமானவர் என்று காட்டிவிடும். ஆலப்புழை ரயில் நிலைய வாசலிலும் சாலையோரத்திலும் நின்று கூப்பிடுகிற தரகர்களிடம் எல்லாப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். வார நாளில், சீசன் இல்லாத மாதத்தில் போகிறவர்கள் காலை பத்து மணிக்கே துறைக்குப் போய் நாலு படகு ஏறி இறங்கிப் பார்த்துப் பேரம் பேசலாம், விலை கண்டிப்பாக இறங்கும். தாத்தா பாட்டியை அழைத்துக்கொண்டு தேதி குறித்துப் போகிறவர்கள் முன்பதிவு செய்துவிடுவதுதான் நிம்மதி.

விலை பற்றி ஒரு வார்த்தை. அறைக்கு இரண்டு பெரியவர்கள் என்றுதான் கணக்குப் போடுவார்கள், கூடுதல் ஆளுக்குத் தனி, சின்னக் குழந்தைக்குப் பெரும்பாலும் இலவசம், ஆனால் எந்த வயது வரை என்பது படகுக்குப் படகு மாறும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலை எகிறும், சனி ஞாயிறும் கொஞ்சம் ஏறும். முடிந்தால் திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள்.

எந்த மாதம்? அக்டோபரில் இருந்து பிப்ரவரி வரை என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் அதற்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. குட்டநாட்டில் முக்கியப் போகமான 'புஞ்சை' நெல்லை விதைப்பது அக்டோபர், நவம்பர் வாக்கில், அறுப்பது பிப்ரவரி கடைசியில் இருந்து ஏப்ரல் வரை. ஆக ஜனவரியில் போனால் வயல் முழுக்கப் பச்சை, விதைப்புக்கு முன்னால் போனால் பல வயல்கள் தண்ணீர் நிறைந்து காயலோடு காயலாகக் கிடக்கும். பச்சையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் ஜனவரியைச் சொல்வேன். ஜூன், ஜூலை மழையில் காயல் பேரழகு, விலையும் குறைவு, ஆனால் பலத்த மழை எச்சரிக்கை வந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள், பிள்ளைகளோடு அந்தப் பதற்றம் வேண்டாம். பெரும்பாலும் ஆகஸ்டில் நேரு கோப்பைப் பாம்புப் படகுப் போட்டி புன்னமடையில் நடக்கும், அந்த நாளில் அந்தப் பகுதிப் படகுப் போக்குவரத்தே மாறிவிடும், போட்டியைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் ஒழிய அந்தத் தேதியைத் தவிர்த்துவிடுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள், அதில் பலர் குழந்தைகள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அது படகு வீடு இல்லை, மாலை உல்லாசப் படகு, ஆனாலும் பாடம் எல்லாத் தண்ணீருக்கும் ஒன்றுதான். படகில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூட ஏறக் கூடாது, 'குழந்தைதானே, கணக்கில் வராது' என்று யாராவது சொன்னால் அந்தப் படகே வேண்டாம். ஏறியவுடன் லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பெரியவர்களுடையது மட்டும் போதாது, உங்கள் பிள்ளையின் அளவுக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டில் இருந்தே ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள், பிறகும் பயன்படும். நீச்சல் தெரியும் என்பது அதைப் போடாமல் இருக்கக் காரணம் இல்லை. ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளை முன்தளத்தில் இருக்கும் நேரம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும், ஒரு பெரியவர் அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் இல்லாமல் பிள்ளையை மட்டும் பார்க்க வேண்டும், அரை மணிக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள்.

மேல்தளம் உள்ள படகுகளுக்கு இப்போது மவுசு அதிகம். காட்சி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தவழ்கிற, ஓடப் பழகுகிற பிள்ளை இருந்தால் ஒரே தளம் உள்ள படகை எடுங்கள், அந்தக் குறுகலான படிக்கட்டு பெற்றோரின் நிம்மதியைக் கெடுத்துவிடும். பாட்டிக்கும் அதுதான் நல்லது. ஏறுகிற இடத்தில் பலகை வழியாக நடக்க வேண்டியிருக்கலாம், 'வயசானவங்க இருக்காங்க, படிக்கட்டு உள்ள துறையில ஏத்திக்கோங்க' என்று முன்பே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்வார்கள். இரவில் படுக்கும் முன் முன்தளத்துக்குப் போகிற கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கொசுவர்த்திச் சுருள் கொளுத்தவே வேண்டாம். மரமும் மூங்கிலும் கயிறும் சேர்ந்த வீடு அது. மின்சாரத்தில் செருகுகிற திரவமும் உடம்பில் தடவுகிற களிம்பும் போதும், மாலை ஆறு மணிக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சாப்பாடு

படகில் பொதுவாக மூன்று பேர் வேலை செய்வார்கள்: ஓட்டுகிற ஸ்ராங்கு, சமையல்காரர், ஓர் உதவியாள். சமையல்காரரிடம் ஏறியவுடனே பேசிவிடுங்கள். மதியம் சோறு, சாம்பார், தோரன், பொரித்த கரிமீன், மாலையில் பழம்பொரியும் டீயும், இரவு சப்பாத்தியோடு கோழி, காலையில் ஆப்பமோ புட்டோ இட்லியோ, இதுதான் பெரும்பாலும் அமைகிற வரிசை. சோறு தடித்த சிவப்பு மட்டை அரிசியாக இருக்கலாம், நம் பிள்ளைகள் சிலர் அந்தப் பருக்கையைப் பார்த்தே தட்டைத் தள்ளுவார்கள், வெள்ளை அரிசி வேண்டும் என்றால் முந்தின நாளே சொல்ல வேண்டும், ஏனென்றால் சாமான் எல்லாம் கரையிலேயே வாங்கி ஏற்றிவிடுவார்கள். காரம் குறைக்கச் சொல்வதும், முழுச் சைவம் என்று சொல்வதும் அப்படித்தான்.

வழியில் கரையோர மீன் கடைகளில் நிறுத்துவார்கள். கொடுவா, இறால், கரிமீன் எல்லாம் கண்ணெதிரே இருக்கும், எடுத்துக் கொடுத்தால் படகிலேயே சமைத்துத் தருவார்கள். வாங்குங்கள், ஆனால் கிலோ விலையையும் சமைக்கத் தனிக் கூலி உண்டா என்பதையும் எடை போடும் முன் கேளுங்கள். கரிமீனை வாழையிலையில் மசாலாவோடு மடித்துச் சுட்ட பொள்ளிச்சதாகச் செய்யச் சொல்லுங்கள், கேரளத்தின் மாநில மீன் அதுதான், அந்தக் காயலில் இருந்துகொண்டு அதைச் சாப்பிடாமல் வரக் கூடாது. முள் அதிகம், பிள்ளைகளுக்கு நீங்களே பிரித்துக் கொடுங்கள்.

குடிதண்ணீர் 20 லிட்டர் கேன் ஒன்று படகில் வைக்கச் சொல்லிவிட்டால் சின்ன பாட்டில்கள் தேவையில்லை. வேம்பநாடு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002-ல் சேர்க்கப்பட்டது. ஒரு சிப்ஸ் பாக்கெட்கூட அதில் விழக் கூடாது. கழிவறைத் தொட்டி எங்கே காலி செய்யப்படுகிறது என்று படகுக்காரரிடம் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். அந்தத் தண்ணீரில்தான் கரையில் இருக்கிற குடும்பங்கள் குளிக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். இதைக் கேட்கிற விருந்தினர்கள் கூடக் கூடத்தான் ஒழுங்கான படகுகளும் கூடும்.

சின்ன வள்ளம் ஒன்று கட்டாயம்

படகு வீடு பெரியது, குறுகலான தோடுகளுக்குள் (சின்னக் கால்வாய்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நுழையாது. குட்டநாட்டின் உயிரோட்டம் முழுக்க அந்தத் தோடுகளில்தான் இருக்கிறது. எனவே படகு கட்டியதும் ஸ்ராங்கிடம் சொல்லி, காலை ஆறு மணிக்கு ஒரு துடுப்பு வள்ளம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், கூலியையும் அன்று இரவே பேசிவிடுங்கள். காலை ஆறில் இருந்து ஏழரை வரை, பெரிய படகுகள் எல்லாம் தூங்குகிற நேரம், வாத்துக் கூட்டத்தை ஒருவர் வள்ளத்தில் ஓட்டிக்கொண்டு போவார், பால் கேன்கள் வள்ளத்தில் வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசலில் படகுக்காகக் காத்து நிற்பார்கள். நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேட்கிற கேள்விகளுக்கு அளவே இருக்காது. வீட்டு முற்றங்களை ஒட்டித்தான் வள்ளம் போகும், குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், கையசைத்தால் கையசையுங்கள்.

வரப்பில் இறங்கி நடக்க முடிந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையை நடுவில் நிறுத்தி ஒரு பக்கம் காயலைப் பார்க்கச் சொல்லுங்கள், மறுபக்கம் வயலைப் பார்க்கச் சொல்லுங்கள். வயல் தண்ணீர் மட்டத்தை விடத் தாழ்வாக இருக்கும். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிற ஊர் இது, 2013-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்திருக்கிறது. காயலைச் சேற்றாலும் கல்லாலும் வரப்புக் கட்டிப் பிரித்து, உள்ளே இருக்கிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளி உண்டாக்கிய நிலம், இன்றைக்கும் 'பெட்டியும் பறையும்' என்கிற மர இறைப்பு இயந்திரங்கள் வரப்போரம் நிற்பதைப் பார்க்கலாம். எந்த விளையாட்டுப் பூங்காவும் தராத ஒரு வியப்பு அது.

ஓர் இரவு போதுமா என்று கேட்டால், படகில் போதும். இரண்டாவது இரவு படகிலேயே கழிந்தால் பிள்ளைகளுக்குக் கால் நமைக்கத் தொடங்கிவிடும். இரண்டு நாள் இருக்கிறவர்கள் அடுத்த இரவைக் கைநகரிப் பக்கம் தோடோரத்து வீட்டுத் தங்கலில் கழியுங்கள், வள்ளத்தில்தான் போய்ச் சேர வேண்டிய வீடுகள்கூட உண்டு. அந்த வீட்டு அம்மாவின் கைச் சமையல் படகுச் சாப்பாட்டை விட ஒரு படி மேல் என்பது என் அனுபவம். பகலில் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகில் ஏறுங்கள், அங்குள்ளவர்களுக்கு அதுதான் டவுன் பஸ், டிக்கெட்டும் மிகக் குறைவு. முகம்மாவில் இருந்து குமரகத்துக்குக் காயலைக் குறுக்கே கடக்கிற படகில் போனால் எவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு இது என்பது அப்போதுதான் புரியும், குமரகத்தில் இறங்கிக் காலை வேளையில் பறவைகள் சரணாலயம் பார்க்கலாம்.

எடுத்துப் போக வேண்டியவற்றில் மறக்கக் கூடாதவை: டார்ச், தொலைநோக்கி இருந்தால் அது, பிள்ளைகளின் மருந்து (நடுக்காயலில் மெடிக்கல் ஷாப் கிடையாது), சில்லறையாகப் பணம், வழுக்காத செருப்பு, தாயக்கட்டையோ சீட்டுக்கட்டோ. பெரிய பெட்டிகள் வேண்டாம், அறைகளில் கால் வைக்க இடம் இருக்காது.

போகிற வழி

சென்னை சென்ட்ரலில் இருந்து ஆலப்புழைக்கு நேரடி இரவு ரயில் இருக்கிறது, சேலம், ஈரோடு, கோவை வழி, காலையில் இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு 12 மணிக்குப் படகேற நேரம் சரியாக இருக்கும். மதுரை, தேனிக்காரர்கள் காரில் குமுளி, முண்டக்கயம், கோட்டயம் வழியாகப் போகலாம், குமுளிக்குக் கீழே மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்கிற பிள்ளை இருந்தால் அதிகாலையில் வெறும் வயிற்றில் அந்த இறக்கத்தைக் கடந்துவிடுங்கள். நெல்லை, தென்காசிக்காரர்களுக்குச் செங்கோட்டை, புனலூர் வழி. சங்கனாச்சேரியில் இருந்து ஆலப்புழைக்குப் போகிற சாலை குட்டநாட்டு வயல்களை நடுவே பிளந்துகொண்டு போகும், அதைப் பகலில் கடக்கிற மாதிரி திட்டமிடுங்கள்.

காலை 9 மணிக்கு இறங்கும்போது மூன்று பேருக்கும் தனித்தனியாக அன்பளிப்புக் கொடுங்கள், ஸ்ராங்கு கையில் மொத்தமாகக் கொடுத்தால் எல்லோருக்கும் போகுமா என்பது நமக்குத் தெரியாது. சென்னை ரயில் பிற்பகலில்தான், அதுவரைக்கும் ஆலப்புழைக் கடற்கரையில் 19-ஆம் நூற்றாண்டுக் கடற்பாலத்தின் மிச்சத்தையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறினால் கலவூரில் இருக்கிற கயிறு அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள், தேங்காய் நாரில் என்னவெல்லாம் செய்யலாம் என்று பிள்ளைகள் சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் தாராளமாகப் போகும்.